தோளிலிருந்து இறக்கும்வரை

இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே, அலைச் சத்தம் அடுக்களை வரைக்கும் வந்து போகிற ஒரு கடற்கரை ஊரில், சிலுவைதாசனின் மூச்சைப் பற்றிக் கதை சொல்லாதவர்கள் கிடையாது. வாலிபத்தில் அவர் யூஃபோனியம் ஊதினால் தெருமுனைக் குருசடிச் சிலுவை மேல் உட்கார்ந்திருக்கும் காக்கைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடும் என்பார்கள். ஒருமுறை மழை இருட்டில் திசை தெரியாமல் தவித்த வள்ளம் ஒன்று, அவர் வீட்டு முற்றத்தில் பழகிக்கொண்டிருந்த சத்தத்தைப் பிடித்துக்கொண்டே கரை வந்து சேர்ந்ததாம். இறங்கிய ஆட்கள் உயிர் பிழைத்த சந்தோஷத்தையும் மறந்து, "நல்லாத்தான் ஊதின தாசா, ரெண்டாவது பாட்டுல சுதி கொஞ்சம் எறங்கிட்டு" என்று குறை சொன்னார்களாம். இதில் பாதியை நம்பலாம். எந்தப் பாதி என்பது அவரவர் சௌகரியம்.

யூஃபோனியம் என்பது கைக்குழந்தையை மார்போடு அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டு ஊதுகிற பெரிய பித்தளை வாத்தியம். ஊர் அந்தோணியார் கோயில் பேண்டில் முப்பது வருடம் அதை ஊதினார் சிலுவைதாசன். பிழைப்பு வேறு. ஐஸ் ஆலையில் இயந்திரம் பார்க்கிற வேலை. பகலெல்லாம் விறைத்துப்போயிருக்கும் விரல்கள் சாயங்காலம் பித்தளையைத் தொட்டதும்தான் உயிர்பெறும். கடலுக்குப் போகாத ஆண்பிள்ளை என்று சொந்தக்காரர்கள் கொஞ்சநாள் இளக்காரம் பேசினார்கள். பேண்டில் அவர் ஊதியதைக் கேட்டபிறகு, இந்த மூச்சைக் கடல் கொண்டுபோகாமல் இருந்ததே நல்லது என்று தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

அறுபத்தைந்து வயதிலும் மூச்சுக்கு ஒரு குறையும் வரவில்லை. குறை வந்தது பல்லுக்கு. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு ஆட ஆரம்பித்தன. நாகர்கோவிலில் பல் டாக்டர் ஸ்மிதாவிடம் போய் வாயைக் காட்டினார்.

"எப்பிடி அங்கிள் இப்பிடி ஆடுது? எங்கயாவது விழுந்தியளா?"

"விழவெல்லாம் இல்ல மக்களே. யூஃபோனியம் ஊதினதாக்கும். அவ்வளவு பித்தளையயும் இந்த ரெண்டு பல்லுதானே தாங்கிச்சு."

ஸ்மிதாவின் கை நின்றது. "வாத்தியம் இப்பவும் கையில இருக்கா?"

வாய்க்குள் அவளுடைய சின்னக் கண்ணாடி இருந்ததால் சிலுவைதாசன் புருவத்தாலேயே ஆமாம் என்றார்.

ஸ்மிதா செல்லோ என்கிற, நிறுத்திவைத்து வில்லால் இழுக்கிற பெரிய வயலினை வாசிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுகிற ஆர்கெஸ்ட்ராவில் அவளும் ஒருத்தி. பேங்க் குமாஸ்தா, வக்கீல், கோயில் பாடகர் குழுப் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று இருக்கிற கூட்டம். யாருக்கும் அது சோறு போடுவதில்லை. எல்லாருக்கும் அது ஒரு கிறுக்கு. நடத்துகிறவர் பிந்து டீச்சர். அந்த வருடம் அவர்கள் எடுத்துக்கொண்டது பாலே இசை. வெள்ளைக்காரர்கள் கால்விரல் நுனியில் நின்று ஆடுகிறார்களே, அந்த ஆட்டத்துக்கென்று எழுதப்பட்ட இசை. வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. அடியில் நின்று தாங்குகிற கனத்த குரலுக்குத்தான் ஆள் இல்லை.

"நீங்க வரணும் அங்கிள்," என்றாள் ஸ்மிதா. உடனே முகம் மாறியது. டாக்டர் என்கிற நினைப்பு வந்துவிட்டது. "ஆனா இந்த ரெண்டு பல்லும் நிக்காது. எடுத்துத்தான் ஆகணும். கட்டுப்பல்லு வச்சா சாப்பிடலாம், சிரிக்கலாம். ஊத முடியுமான்னு கேட்டா…"

அவள் உதட்டைப் பிதுக்கினாள். சிலுவைதாசன் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தார்.

"எப்ப எடுக்கணும்?"

"இந்த வாரமே எடுத்தா நல்லது."

"உங்க கச்சேரி எப்பம்?"

ஸ்மிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் இன்னும் சில வாரம் தாங்கும், ஆனால் கஞ்சியும் பழமும்தான் ஆகாரம், மீன்தலை கடிக்கவே கூடாது, கச்சேரிக்கு மறுநாள் காலையில் மறுபேச்சில்லாமல் வந்துவிடவேண்டும் என்று ஒப்பந்தம் ஆயிற்று. நெய்மீன் தலைக்கு முன்னால் குனிந்து கஞ்சி குடிப்பது அந்தக் கடற்கரையில் ஒரு ஆண்மகனுக்குச் சாதாரணத் தவம் இல்லை. சிலுவைதாசன் சம்மதித்தார். கடைசியாக ஒருதரம் முழுக்கச்சேரி வாசித்து, எல்லாரோடும் சேர்ந்து ஒழுங்காக முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளவேண்டும். வேறு ஒன்றும் அவர் கேட்கவில்லை.

பரணிலிருந்து வாத்தியத்தை இறக்கிப் புளிபோட்டுத் தேய்த்தவள் அவர் மனைவி வேளாங்கண்ணி. தேய்க்கத் தேய்க்க அவள் முகமும் அதில் பளிச்சென்று தெரியத் தொடங்கியது. "பாருங்க, நானும் கொமரி ஆயிட்டேன்," என்றாள். சிலுவைதாசன் எட்டிப் பார்த்தார். பித்தளையில் தெரிகிற முகம் எப்போதும் கொஞ்சம் வளைந்துதான் தெரியும். அவருக்கு அந்த வளைவில் பழைய வேளாங்கண்ணியே தெரிந்தாள்.

அவளை அவர் முதலில் கண்டதும் இந்தக் குழலுக்குப் பின்னாலிருந்துதான். அந்தோணியார் திருநாள், சப்பரப் பவனி. கடலிலிருந்து வந்தவர்கள் உப்பைக் கழுவிவிட்டு, சிவப்புக் கோடு போட்ட வெள்ளைக் கால்சட்டைக்குள் புகுந்து, பேண்டுக்காரர்களாக மாறி நிற்பார்கள். முன்னால் சிலுவை, பின்னால் பேண்டு, அதற்குப் பின்னால் இளைஞர்களின் தோளில் சப்பரம், சப்பரத்தில் பூவுக்குள் முக்கால்வாசி மறைந்துபோன அந்தோணியார். சாம்பிராணிப் புகை ஒரு பக்கம் போக, கடல்காற்று அதை மறுபக்கம் திருப்பி அனுப்பும். வீட்டுக்கு வீடு மெழுகுதிரி. ஒரு வாசலில் திரியைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றவள் வேளாங்கண்ணி. சப்பரம் தூக்கியவர்களில் ஒருவன் சிலுவைதாசனின் சிநேகிதன், விஷயம் தெரிந்தவன். அந்த வாசலுக்கு வந்ததும் அவன் காலில் முள் தைத்தது. முள்ளை எடுக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. மற்றவர்கள் தோள்சுமையோடு நிற்க, பேண்டு அந்த வாசலிலேயே நின்று ஊதியது. மறுவருடம் அதே இடத்தில் அவனுக்கு மறுபடியும் முள் தைத்தபோது, வேளாங்கண்ணியின் அப்பா வெளியே வந்து, "தம்பி, இந்த வாசல்ல முள்ளும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்தக் கொழல் ஊதுத பையன நாளைக்கு வந்து பேசச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்த நாட்களில் பாட்டுக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. அதுதான் இந்தக் கதையின் முடிச்சு. சப்பரம் தோளில் இருக்கும்வரை பேண்டு நிற்கக்கூடாது. ஒருவர் மூச்செடுக்கும்போது மற்றவர் ஊதவேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் வாயெடுத்துவிட்டால் தூக்குகிறவர்களின் கால் பின்னும் என்பது ஊரின் நம்பிக்கை. பேண்டு மாஸ்டர் எபிசன் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்: "தாளத்துல காதிருக்கட்டு, கண்ணு தூக்குதவன் கால்ல இருக்கணும். எறக்கி வச்ச பெறவுதான்டே நாம வாயெடுக்கணும்." ஒருவருடம் மழையில் பேண்டு பாதியில் நின்றது, அந்தப் பருவம் முழுக்கச் சாளைமீன் இந்தக் கரையைத் திரும்பிப் பார்க்காமல் பக்கத்து ஊர் வலையில் போய் விழுந்தது. இன்னொரு வருடம் சந்து திரும்பும்போது சப்பரம் இரண்டு வீட்டு மதிலுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. எந்த மதிலைக் கொத்துவது என்று இரண்டு வீட்டாரும் தங்கள் பாட்டன் காலத்திலிருந்து வழக்கைத் தொடங்கினார்கள். வழக்கு தீரும்வரை பேண்டு ஒரே பாட்டை ஊதியது. அதற்குப்பிறகு அந்தப் பாட்டின் முதல் அடியைக் கேட்டாலே ஊர் நாய்கள் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். கிளாரினெட் குவைத்துக்குப் போயிற்று. ட்ரம்பெட் மும்பைத் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தது. பெரிய டிரம் மகளோடு திருவனந்தபுரத்தில் தங்கிவிட்டது. கடைசியாக எல்லாரும் லீவு போட்டு வந்து கூடியது எபிசன் மாஸ்டரின் அடக்கத்துக்கு. கல்லறை வரைக்கும் நடந்து ஊதினார்கள். பெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார்கள். மாஸ்டர் சொன்னபடி அப்போது வாயெடுக்க வேண்டும். யாரும் எடுக்கவில்லை. பங்குச் சாமியாரே வந்து கிளாரினெட்காரரின் தோளைத் தொட்டபிறகுதான் பாட்டு நின்றது. அன்று பரணுக்குப் போன குழல்தான் இப்போது இறங்கியிருக்கிறது.

பிந்து டீச்சரின் ஆர்கெஸ்ட்ராவில் முதல் நாளே சிக்கல். சிலுவைதாசன் வாழ்நாளில் உட்கார்ந்து ஊதியதில்லை. நாற்காலியில் இருந்தாலும் கால்கள் பவனி போய்க்கொண்டே இருந்தன. பக்கத்தில் செல்லோவோடு இருந்த ஸ்மிதா, "அங்கிள், நீங்க ஊதி முடிக்கதுக்குள்ள கன்னியாகுமரி போயிருவிய போலிருக்கு" என்றாள். கால்களை எப்படியோ அடக்கினார். ஊதுவதில் ஒருவரும் குறை காணமுடியவில்லை. அடியில் அவர் குரல் வந்து சேர்ந்ததும், அதுவரை அந்தரத்தில் தொங்கிய வயலின்கள் எல்லாம் தரையில் கால் வைத்ததுபோல் நிமிர்ந்தன. ஆனால் முடிக்கவேண்டிய இடத்தில் பிந்து டீச்சர் கையை மடக்குவார், எல்லாரும் நிற்பார்கள், சிலுவைதாசன் மட்டும் அடுத்த சுற்றுக்குள் நுழைந்திருப்பார்.

"அண்ணாச்சி, என் கையப் பாருங்க. மடக்கினா முடிஞ்சுது."

"பாத்துக்கிட்டுத்தான் டீச்சர் இருக்கேன். கை மடங்குது, மனசு மடங்கல்ல. இஞ்ச எறக்கி வைக்க ஒண்ணும் இல்லையே."

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரிடம் கேட்டு வைத்திருந்த சப்பரக் கதையை ஸ்மிதா எடுத்துச் சொன்னாள். டீச்சர் சிரித்தார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. கச்சேரியின் கடைசி உருப்படி ஒரு வால்ட்ஸ். மூன்று மூன்றாகச் சுழன்று வந்து சட்டென்று நிற்கவேண்டியது. அந்த நிசப்தம்தான் அதன் அழகு. "அங்க ஒரு ஊத்து மிஞ்சினாலும் எல்லாம் போச்சு அண்ணாச்சி. மத்ததெல்லாம் நீங்க வாசியுங்க. கடைசி ஒண்ணுக்கு மட்டும் சும்மா இருந்துக்கிடுங்க."

கடைசியை விட்டுவிட்டால் பிறகு எதற்குக் கஞ்சி குடித்தது? சிலுவைதாசன் எழுந்து நின்று, அடுத்த வாரம் வரைக்கும் தவணை கேட்டார்.

வீட்டில் வேளாங்கண்ணி பிந்து டீச்சர் ஆனாள். அடுப்பில் குழம்பு கொதிக்க, கையில் அகப்பையோடு அவள் நிற்பாள். அவர் நாற்காலியில் இருந்து வால்ட்ஸ் ஊதுவார். அகப்பை இறங்கினால் நிறுத்தவேண்டும்.

"எறக்கிட்டேன்லா! நிறுத்துங்க ஓய்! மீனு கரியுது, நான் இஞ்ச நின்னு உங்களுக்குக் கொடி காட்டணுமாக்கும்!"

"அகப்பய பய்ய எறக்கு பிள்ளே. சப்பரத்த அப்பிடித் தொப்புன்னு போடுவினுமா?"

அந்த வாரம் அந்த வீட்டில் கரியாத குழம்பு கிடையாது. தனக்குக் கஞ்சிதானே என்று அவர் கவலைப்படவில்லை. வேளாங்கண்ணிதான் கரிந்த மீனைத் தின்று தியாகம் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்மிதாவும் ஒரு உபாயம் சொன்னாள். கை மடங்கும்போது அவருடைய செருப்பைத் தன் காலால் மிதித்துவிடுவாள். ஆக, கண்ணுக்கு டீச்சரின் கை, காலுக்கு டாக்டரின் மிதி. சிலுவைதாசன் நின்றார். மறுபடி வாசிக்கச் சொன்னார்கள்; மறுபடி நின்றார். டீச்சர் அவரைக் கடைசி உருப்படியிலும் சேர்த்துக்கொண்டார்.

கச்சேரி நாள் சாயங்காலம் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். முன்வரிசை ஓரத்தில் வேளாங்கண்ணி, கல்யாணப் பட்டில். உருப்படி உருப்படியாக எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. பனிக்காட்டில் வழி தவறிய ஒரு பெண்ணின் கதைக்கு எழுதிய இசை என்று டீச்சர் மைக்கில் சொன்னார். ஊர்க்காரர்களில் பனியைக் கண்டவர் யாரும் இல்லை. ஐஸ் ஆலையை நினைத்துக்கொண்டு கேட்டார்கள். சிலுவைதாசன் ஒவ்வொரு முடிவிலும் ஒழுங்காக நின்றார். முன்பற்கள் வலித்தன. இன்னும் ஒன்றே ஒன்று என்று அவற்றைத் தட்டிக்கொடுத்தார்.

கடைசி வால்ட்ஸுக்குத் தக்கலையிலிருந்து நடனப் பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பரீட்சைக் காலமாதலால் ஒத்திகைக்கு அவர்கள் வரவே இல்லை; பதிவு செய்த இசைக்கு ஆடிப் பழகிவிட்டு நேரே மேடைக்கு வந்தவர்கள். வாத்தியக்காரர்களுக்கு முன்னால் இருந்த இடத்தில் வெள்ளைப் பாவாடைகள் சுழன்றன. பெபிஷா என்கிற மெலிந்த பெண் நடுவில் ஆடினாள். இசை உயர்ந்தது. டீச்சரின் கை முடிவை நோக்கி வந்தது. அப்போது, சிலுவைதாசனுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத காரியம் ஒன்று நடந்தது. ஜெஃப்ரின், விபின் என்று நடனப் பள்ளிப் பையன்கள் இரண்டுபேர் இருபக்கமும் வந்து பெபிஷாவைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். அவள் கைகளை விரித்து, பூவுக்குள் இருக்கிற சொரூபம்போல் அசையாமல் நின்றாள்.

டீச்சர் கையை மடக்கினார். வயலின்கள் நின்றன. ஸ்மிதா செருப்பை மிதித்தாள். சிலுவைதாசன் நிற்கவில்லை.

மண்டபம் முழுக்க நிசப்தம். அதில் ஒற்றை யூஃபோனியம் மூன்று மூன்றாக நடந்துகொண்டிருந்தது. ஸ்மிதா மறுபடியும் மிதித்தாள், இந்தத் தடவை குதிகாலால். அவர் கண் டீச்சரின் கையில் இல்லை. பையன்களின் கால்களில் இருந்தது. பையன்களின் பாடும் பரிதாபம்தான். இசை நிற்கும்வரை பெண்ணை இறக்கக்கூடாது என்பது அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அவர்கள் அவர் நிறுத்தட்டும் என்று நின்றார்கள். அவர் அவர்கள் இறக்கட்டும் என்று ஊதினார். விளக்கை அணைக்கவேண்டியவரும் எதற்குக் காத்திருப்பது என்று தெரியாமல் சுவிட்சில் கைவைத்தபடி நின்றார். விபினின் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. பெபிஷாவின் சிரிப்பு முகத்தில் அப்படியே காய்ந்துவிட்டது.

சிலுவைதாசனுக்குத் தெரியாமல் இல்லை. முடிவு போய்விட்டது, ஆசைப்பட்டது கைநழுவிவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் ஒரு பெண்பிள்ளையை இரண்டுபேர் தோளில் வைத்துக்கொண்டு நிற்க, பேண்டு முழுவதும் வாயெடுத்துவிட்டது. மிச்சம் இருக்கிற மூச்சு அவருடையது மட்டும். அவர் எப்படி நிறுத்துவார்?

முதலில் விளங்கியது ஸ்மிதாவுக்கு. அவள் வில்லை எடுத்து அவருக்கு அடியில் செல்லோவை இழுத்தாள். அப்படியாவது அவர் தனியாக இருக்கவேண்டாம். வக்கீலின் கிளாரினெட் தயங்கித் தயங்கிச் சேர்ந்தது. டீச்சர் ஒரு கணம் கூரையைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி, வால்ட்ஸின் கடைசிச் சுற்றை முதலிலிருந்து எல்லாருக்கும் காட்டினார். ஆர்கெஸ்ட்ரா முழுக்க மறுபடி எழுந்து நடந்தது.

முன்வரிசையில் பட்டுப்புடவை சரசரத்தது. வேளாங்கண்ணி எழுந்துவிட்டாள்.

"ஏலே மக்களே, பிள்ளைய எறக்குங்கலே! நீங்க எறக்காம அவரு நிறுத்த மாட்டாரு!"

வேனில் வந்த கூட்டம் முழுக்க, திருநாளில் சத்தம் போடுவதுபோலவே போட்டது. "பய்ய எறக்கு! பய்ய, பய்ய!"

பையன்கள் இறக்கினார்கள். பித்தளைக் குரல் அவர்களோடு கூடவே இறங்கியது. பெபிஷாவின் கால்விரல் பலகையைத் தொட்டது, டீச்சரின் கை மடங்கியது, சிலுவைதாசன் வாயெடுத்தார். அத்தனை வாத்தியங்களும் ஒரே மூச்சில் நின்றன. டீச்சர் கேட்ட அந்த நிசப்தம், ஒரு சுற்று தாமதமாக, முழுசாக வந்து இறங்கியது. அதற்குப்பிறகு எழுந்த கைதட்டலில் மண்டபத்து ஓடுகள் இரண்டு நகர்ந்துவிட்டதாக வேனில் வந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

மேடைக்குப் பின்னால் டீச்சர் அவர் எதிரில் இடுப்பில் கைவைத்து நின்றார். "நான் எங்க பாக்கச் சொன்னேன் அண்ணாச்சி?"

"டீச்சர் கைய."

"பாத்தியளா?"

"பொம்பளப் பிள்ளைய தூக்கிட்டு நிக்கும்போ எப்பிடி டீச்சர் கையப் பாக்க?"

"உங்கள ஏசணுமா கும்பிடணுமான்னு எனக்குத் தெரியல்ல," என்று சொன்ன டீச்சர், இரண்டும் செய்யாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விபின் முழங்காலைத் தடவிக்கொண்டே வந்து, "தாத்தா, அடுத்த தடவ சொல்லிட்டு ஊதுங்க" என்றான்.  சிலுவைதாசன் அவன் தோளைத் தட்டிப் பார்த்தார். நல்ல தோள். ஊரில் இருந்திருந்தால் சப்பரத்தின் முன்தண்டுக்கே போட்டிருப்பார்கள்.

மறுநாள் காலையில் சொன்ன வார்த்தைப்படி ஸ்மிதாவின் நாற்காலியில் வந்து படுத்தார். அவள் கையுறையை மாட்டினாள், கழற்றினாள், ஜன்னல் பக்கம் போய் வந்தாள். ஊசியை எடுக்க அவளுக்கு மனசில்லை.

"அங்கிள், வேணும்னா இன்னும் ஒரு மாசம் தள்ளிப் பாக்கலாம். கஞ்சிதான் குடிக்கியளே. நேத்து நீங்க ஊதினதக் கேட்டபெறவு…"

சிலுவைதாசன் நாக்கால் அந்த இரண்டு பற்களையும் ஒருமுறை தொட்டார்.  வெளியே பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அது எந்தச் சுரம் என்று தன்னை அறியாமல் காது கேட்டது.

"எங்க பேண்டுல ஒருத்தனும் இப்பிடி முடிச்சதில்ல மக்களே," என்றார். "ஒருத்தன் கல்ஃபுக்குப் போனதுல முடிஞ்சுது, ஒருத்தன் மண்ணுக்குப் போனதுல முடிஞ்சுது. நான் எல்லாரோடயும் சேந்து நின்னு முடிச்சாச்சு. இனி என்னத்துக்கு?"

ஸ்மிதா கண்ணைத் துடைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சவம், நீ அழுதா ஊசி எங்கயாவது போய்க் குத்தும். எடு பிள்ளே," என்று சொல்லிவிட்டு, அவள் கேட்குமுன்பே வாயை அகலத் திறந்தார்.